நூற்று அறுபத்தொன்றாம் பக்கத்தில் காணாமல் போன குதிரை

கிளை நூலகத்தின் இரண்டாம் மாடியில் ‘பதின்வயதினர் பிரிவு’ என்று பலகை மாட்டிய அறை ஒன்று உண்டு. அந்த அறையில் பதினெட்டு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் ஃபேன்டசி நாவல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் பேஜ் அக்கா. அவள் கொடுத்தது பிடிக்கவில்லை என்று முகம் சுளித்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அந்தப் புத்தகங்களில் ஒன்றைக்கூட அக்கா ஆறாம் பக்கத்தைத் தாண்டிப் படித்ததில்லை. இது அவளுக்கும் அவள் கணவருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

முயற்சி செய்யாமல் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாலு பேர் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று ‘காற்றை மேய்ப்பவள்’ என்ற நாவலை வீட்டுக்கு எடுத்துப் போனாள். மலை உச்சியில் ஒரு பெண், கையில் கோல், எதிரே ஆட்டுக்குப் பதில் காற்று. சரி, போகட்டும் என்று பொறுத்துக்கொண்டாள். ஆறாம் பக்கத்தில் ஒரு குதிரை தலையைத் தூக்கி, “இன்று மேற்குக் காற்றுக்கு உடம்பு சரியில்லை” என்றது. அக்கா புத்தகத்தை மூடிவிட்டாள்.

“மனுஷங்க பேசறதைக் கேக்கவே எனக்கு நேரம் பத்தல. இதுல குதிரை வேற,” என்றாள் கணவரிடம்.

அடுத்து எடுத்த புத்தகத்தில் மரத்துக்குள் கதவு இருந்தது. அதற்கடுத்ததில் ஒருவனுடைய நிழல் அவனை விட்டுவிட்டுத் தனியாகக் கடைக்குப் போனது. அக்கா பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டாள். அவள் ஆசையாகப் படிப்பது மாத்திரை அட்டையோடு மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தைத்தான். பிரஷர் குக்கரோடு வந்த கையேட்டை இரண்டு தடவை படித்திருக்கிறாள். குக்கர் அதில் வாய் திறந்து பேசவில்லை என்பது அவளுக்குப் பெரிய நிம்மதி.

பிறகு எப்படி எடுத்துக் கொடுத்தாள் என்றால், அங்கேதான் அவள் சாமர்த்தியம் இருந்தது. புதிதாக ஒரு பிள்ளை மேசைக்கு முன்னால் வந்து நெளிந்தால், உனக்கு எந்த மாதிரிப் புத்தகம் பிடிக்கும் என்று கேட்க மாட்டாள். பதினாலு வயதில் அதற்குப் பதில் யாருக்குத் தெரியும்? “கடைசியா யாரோட சண்டை போட்ட?” என்று கேட்பாள். அம்மாவோடு என்றால், நாயகன் முதல் அத்தியாயத்திலேயே வீட்டை விட்டுக் கிளம்பிவிடும் கதை. தம்பியோடு என்றால், இரட்டை இளவரசர்கள் ஒரே சிம்மாசனத்துக்கு அடித்துக்கொள்ளும் கதை. யாரோடும் இல்லை என்று சாதுவாகச் சொல்லும் பிள்ளைக்கு வாள் சண்டை நிறைய உள்ளதாகப் பார்த்துத் தருவாள். அது உள்ளுக்குள் நிறையச் சேர்த்து வைத்திருக்கும் என்பது அவள் கணக்கு. பெரும்பாலும் அந்தக் கணக்கு தப்பியதில்லை.

புத்தகம் திரும்பி வரும்போது அடுத்த கேள்வி தயாராக இருக்கும். “எந்தப் பக்கத்துல அம்மா கூப்பிட்டது காதுல விழல?”

பிள்ளைகள் யோசித்துப் பக்க எண்ணைச் சொல்வார்கள். பாதியில் மூடிவிட்டேன் என்றால் எந்தப் பக்கத்தில், ஏன் என்று கேட்பாள். ஒரு நீள நோட்டில் புத்தகத்துக்கு ஒரு தாள் ஒதுக்கி எல்லாவற்றையும் பென்சிலால் குறித்துக்கொள்வாள். அடுத்த பிள்ளை அதே புத்தகத்தைக் கேட்கும்போது, ஏதோ தலைகீழாகப் படித்துக் கரைத்துக் குடித்தவள் மாதிரி, “தொண்ணூறு வரைக்கும் பல்லைக் கடிச்சிக்கிட்டுப் பொறுத்துக்கோ. தொண்ணூத்தொண்ணுல என்னை நெனச்சுக்குவ,” என்பாள். அந்தப் பிள்ளையும் நினைத்துக்கொள்ளும். அப்படித்தான் பேஜ் அக்கா என்ற பெயர் வந்தது. பதினெட்டு வருடத்தில் எட்டு நோட்டுகள் நிரம்பியிருந்தன.

எட்டு நோட்டிலும் ராணி மாதிரி வீற்றிருந்த புத்தகம், அவள் முதலில் மூடிய அதே ‘காற்றை மேய்ப்பவள்’. ஆரம்பத்தில் அது சுமாராகத்தான் போனது. ஆறு வருடத்துக்கு முன்னால் அட்டை கிழிந்து பைண்டிங்குக்குப் போய் நீலக் காலிகோ துணி உடுத்தித் திரும்பி வந்ததிலிருந்து பிடித்தது யோகம். அறுபத்து மூன்று பேர் எடுத்தார்கள். அதில் ஐம்பத்தொரு பேர் ஒரே பக்கத்தைச் சொன்னார்கள்: நூற்று அறுபத்தொன்று.

நூற்று அறுபதாம் பக்கத்தின் கடைசி வரியில் காற்று மேய்க்கும் பெண் மலை விளிம்பிலிருந்து குதித்துவிடுகிறாள். நூற்று அறுபத்தொன்றின் முதல் வரி, “தண்ணீர் மிகக் குளிர்ச்சியாக இருந்தது. படகோட்டி கண் விழித்தான்.” அதற்கு மேல் புத்தகம் முழுவதும் அந்தப் படகோட்டியின் கதை. அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பிள்ளைகள் பித்துப் பிடித்துப் போனார்கள். குதித்தவள்தான் ஆணாகப் பிறந்து வந்தாளா, அல்லது படகோட்டியின் கனவில் வந்தவளா என்று ஜன்னல் ஓர மேசையில் ஆறு வருடமாகச் சண்டை. அக்கா தூரத்தில் உட்கார்ந்து மர்மமாகச் சிரிப்பாள். அவளுக்கு என்ன தெரியும், சிரிப்பதைத் தவிர.

இப்போதெல்லாம் அந்தச் சண்டைக்குத் தலைமை தாங்குவது வக்கீல். பதினைந்து வயதுப் பெண். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். மூன்று வருடத்துக்கு முன் முதல் தடவை வந்தபோது, கடைசியாக யாரோடு சண்டை என்று அக்கா கேட்டதற்கு, “எல்லாரோடயும்” என்றாள். அக்கா எழுந்து போய் நீலப் புத்தகத்தை எடுத்து வந்து கையில் வைத்தாள். அதற்கு முன் பாடப் புத்தகத்தைத் தவிர எதையும் தொடாத பெண் அதை நான்கு தடவை படித்தாள். பிறகு அந்த அறையில் இருந்த மற்ற எல்லாவற்றையும் படித்தாள். வகுப்பில் ‘வாயை மூடு’ என்பதை மட்டுமே கேட்டுப் பழகியவளுக்கு, பேசு என்று சொன்ன ஒரே இடம் அந்த ஜன்னல் ஓர மேசைதான். அக்காவுக்கு அவள் மேல் தனிப் பிரியம். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். மற்றவர்களுக்கு இரண்டு புத்தகம் என்றால் அவளுக்கு மட்டும் மூன்று தருவாள், அவ்வளவுதான்.

இப்படி எல்லாம் சுகமாக ஓடிக்கொண்டிருந்தபோது புது நூலகர் வந்தார். புள்ளிவிவரப் பிரியர். வந்த மாதமே எந்தப் புத்தகம் எத்தனை தடவை போயிற்று என்று கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். ஒரு காலையில் மூச்சு வாங்க இரண்டாம் மாடிக்கு ஏறி வந்தார்.

“மேடம், ‘காற்றை மேய்ப்பவள்’ நம்ம கிளையில இந்த ஆறு வருஷத்துல அறுபத்து மூணு தடவை போயிருக்கு. வேற எந்தக் கிளையிலயும் பத்தைத் தாண்டல. அதை எழுதின அம்மாவுக்கு லெட்டர் போட்டேன். வரேன்னுட்டாங்க.”

“எங்க வராங்க?”

“இங்கதான். அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை. பிள்ளைங்களோட கலந்துரையாடல். புத்தகத்தைப் பத்தி முதல்ல நீங்க பத்து நிமிஷம் பேசறீங்க. உங்களை விட்டா வேற யாரு?”

அவர் இறங்கிப் போனதும் அக்கா நாட்காட்டியில் நாளை எண்ணிப் பார்த்தாள். அதே நாள் சாயங்காலம் வக்கீல் ஓடி வந்தாள்.

“அக்கா, நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கேன். ‘அவள்தான் அவன்’. பதினெட்டு பக்கம். எழுத்தாளர் முன்னாடி வாசிக்கலாம்னு லைப்ரேரியன் சார் சொல்லிட்டார். எங்கப்பா அரை நாள் லீவு போட்டுட்டு வரார்.” சற்று நிறுத்தி, “அவர் இதெல்லாம் வெட்டி வேலைன்னுதான் சொல்லுவார். இருந்தாலும் வரார்,” என்றாள். முகம் பல்பு போட்ட மாதிரி இருந்தது.

வேறு வழியில்லை. அக்கா நீலப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டிலிருந்து நூலகத்துக்குப் பேருந்தில் நாற்பது நிமிடம். போக ஒரு நாற்பது, வர ஒரு நாற்பது. பன்னிரண்டு நாளில் முடித்துவிடலாம்.

“குதிரை வருமே,” என்றார் கணவர், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

“வரட்டும். பாத்துக்கறேன்.”

குதிரை வந்தது. ஆறாம் பக்கத்தில் வந்து பேசியது, ஏழில் இன்னும் பேசியது, எட்டில் அதைவிட அதிகமாகப் பேசியது. சரியான வாயாடி. புல் சரியில்லை, மலை சரியில்லை, நீ கோலைப் பிடிக்கிற பிடி சரியில்லை என்று அந்தப் பெண்ணைத் தொணதொணத்துக்கொண்டே வந்தது. முதல் இரண்டு நாள் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள், குதிரை சொல்வதிலும் ஒரு நியாயம் இருப்பதாகப் பட்டது. ஐந்தாம் நாள் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டாள். இதை வீட்டில் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை நூற்று ஐம்பத்தொன்பதுக்கு வந்தாள். மலை விளிம்பு. குதிரையால் குதிக்க முடியாது. “நீ குதி. நான் சுற்று வழியாக இறங்கி வருகிறேன். கீழே சந்திப்போம்,” என்றது. பெண் குதித்தாள். அக்காவின் கண் எதிர்ப் பக்கத்துக்குப் போனது. படகோட்டி கண் விழித்தான்.

இதுதான் பிள்ளைகள் சொன்ன இடம் என்று நிமிர்ந்து உட்கார்ந்து படித்தாள். நூற்று எழுபது. நூற்றெண்பது. இருநூறு. படகோட்டி கண்ணாடி போன்ற ஆற்றில் போய்க்கொண்டே இருந்தான். அக்காவுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் தொண்டையில் நின்றது. குதிரை எங்கே? நூற்றைம்பது பக்கம் வாய் ஓயாமல் பேசிய பிராணி, கீழே சந்திப்போம் என்று வாக்குக் கொடுத்த பிராணி, சொல்லாமல் கொள்ளாமல் எங்கே போகும்? கடைசிப் பக்கம் வரை புரட்டித் தேடினாள். குதிரை இல்லை.

ஃபேன்டசியில் எதுவும் நடக்கும் என்று பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. குதிரை மறைந்தால் மறைந்ததுதான். அக்காவுக்கு அந்தப் பழக்கம் இல்லையே. அவளுக்குத் தெரிந்த உலகத்தில் யாராவது வரவில்லை என்றால் போய்த் தேட வேண்டும்.

நூலகத்துக்குப் போனதும் கைப்பையைக்கூட வைக்காமல் நோட்டுகளைப் பிரித்தாள். எந்தப் பிள்ளையாவது குதிரையைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று தாள் தாளாகத் தேடினாள். ஏழாவது நோட்டின் நடுவில் கிடைத்தது. ஆனால் வேறு புத்தகத்தின் தாளில். ‘கண்ணாடி ஆற்றின் காவலன்’ என்று தலைப்பு. ஆறு வருடத்தில் ஒன்பது பேர் மட்டுமே எடுத்து, ஒருவர்கூட முடிக்காத சவலைப் புத்தகம். ஒன்பது பேரும் மூடிய பக்கம், நூற்று அறுபத்தொன்று. கடைசிக் குறிப்பு அவள் கையெழுத்திலேயே இருந்தது: “படகோட்டி தூங்கப் போகிறான். அடுத்த பக்கத்தில் யாரோ ஒருத்தி விழுகிறாள். சம்பந்தமே இல்லாமல் ஒரு குதிரை வந்து ‘ஏன் இவ்வளவு நேரம்?’ என்று கேட்கிறது. மூடிவிட்டேன்.”

அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. குதிரை கீழே வந்து சேர்ந்திருக்கிறது. சொன்ன இடத்தில் நின்றிருக்கிறது. ஆறு வருடமாக, வேறு ஒருவன் வீட்டில்.

அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து நீலப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தாள். அதுவும் நீலக் காலிகோ. இரண்டும் ஒரே பதிப்பகம், ஒரே உயரம், ஒரே எழுத்து, முந்நூற்றிருபது பக்கம். பக்கத்தின் தலையில் புத்தகத்தின் பெயர் போடும் வழக்கம் அந்தப் பதிப்பகத்துக்கு இல்லை. ஒரே நாளில் பைண்டிங்குக்குப் போயிருக்கின்றன. தையலுக்காக இரண்டையும் நடுவில் பிரித்தவர் சேர்க்கும்போது பாதியை மாற்றிச் சேர்த்துவிட்டார். ஒன்றில் பிள்ளைகள் எல்லாம் சாப்பாட்டை மறந்த பக்கமும், இன்னொன்றில் பிள்ளைகள் எல்லாம் மூடிய பக்கமும் ஒரே எண் என்று அவள் நோட்டிலேயே ஆறு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. புத்தகத்தைப் படித்த யாருக்கும் அந்த நோட்டு தெரியாது. நோட்டு தெரிந்த ஒரே ஆள் புத்தகத்தைப் படிக்கவில்லை.

ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருந்த பைண்டிங்காரருக்குப் போன் போட்டாள். அவர் விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

“தாள் ஏதாவது கழண்டுச்சாம்மா?”

“இல்ல. கெட்டியாத்தான் இருக்கு.”

“அப்புறம் என்ன?” என்றார்.

அன்று சாயங்காலம் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“எழுத்தாளர் அம்மாவுக்கு ரகசியமா முன்னாடியே சொல்லிட்டா என்ன? வக்கீல் வாசிக்கறப்ப அவங்க சும்மா தலையாட்டிட்டுப் போயிடுவாங்க,” என்றாள் அக்கா.

“ஆட்டலன்னா?”

பதினெட்டுப் பக்கக் கட்டுரை. நீங்கள் ஏன் அவளை அவனாக மாற்றினீர்கள் என்று அந்தப் பெண் நிமிர்ந்து நின்று கேட்கும்போது, நான் அப்படி எழுதவே இல்லையே என்று மேடையிலிருந்து ஒரு குரல் வந்தால்? பள்ளிக்கூடம் முழுக்கச் சிரிக்கும். அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து அதைப் பார்ப்பார். அவ்வளவுதான், அந்த வாய் அன்றைக்கு மூடினால் பிறகு திறக்காது.

“லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சுன்னு வெச்சுக்க,” என்றார் கணவர். “புதுசா வந்த பசங்க நேரா மோட்டார் ரூமுக்கு ஓடுவாங்க. நான் முதல்ல கதவைத் தட்டி உள்ள இருக்கறவங்ககிட்டப் பேசுவேன். ரிப்பேர் அப்புறம்தான்.”

“உள்ள இருக்கறது யாரு?”

“அந்தப் பொண்ணுதான்.”

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் வக்கீல் வந்தாள். அக்கா இரண்டு புத்தகங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, நூற்று அறுபதையும் நூற்று அறுபத்தொன்றையும் காட்டினாள். வக்கீல் இரண்டு நிமிடம் மாற்றி மாற்றிப் படித்தாள். அவள் முகத்திலிருந்து நிறம் இறங்குவதை அக்கா பார்த்தாள்.

“அப்ப அவ செத்தும் போகல, படகோட்டியாவும் வரல. கீழ விழுந்து, எழுந்து, குதிரையில போயிட்டா.”

“ஆமா.”

“இதை எப்பக் கண்டுபிடிச்சீங்க?”

“நேத்து.”

“இத்தனை வருஷமா உங்களுக்குத் தெரியலையா? எத்தனை தடவை படிச்சிருப்பீங்க.”

இதற்கு ஒரு பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கதவைத் தட்டிவிட்டு உள்ளே இருப்பவரிடம் பொய் சொல்வது எப்படி?

“இப்பதான் முதல் தடவை படிக்கறேன். இது மட்டும் இல்ல. இந்த ரூம்ல இருக்கற எதையும் நான் படிச்சதில்ல. நீங்க எல்லாம் சொன்னதை எழுதி வெச்சுக்கிட்டு அடுத்தவங்களுக்குச் சொல்லுவேன்.”

வக்கீல் வாய் திறக்கவில்லை. மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை. பாதி மாறியதைவிட இது அவளுக்கு அதிகம் வலித்தது என்பது தெரிந்தது. கடைசியில், “என்னை ஏமாத்திட்டீங்க அக்கா,” என்றாள். கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். மெதுவாகத்தான் சொன்னாள்.

“ஆமா,” என்றாள் அக்கா. “நாளைக்கு முதல்ல பேசறது நான்தான். தப்பு என்னோடதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். நீ வரணும்னு கட்டாயம் இல்ல.”

வக்கீல் இரண்டு புத்தகங்களையும் எடுத்துப் பையில் போட்டாள். பிறகு கையை நீட்டினாள். “நோட்டைக் குடுங்க.”

“எதுக்கு?”

“ஆதாரம் வேணும்,” என்றுவிட்டுப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை இரண்டாம் மாடி கொள்ளாத கூட்டம். எழுத்தாளர் நெட்டையாக, நரைத்த முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, காற்புள்ளி தவறினால்கூடப் பிடித்துவிடுவார் போன்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பின் வரிசையில் ஒரு மனிதர் கையைக் கட்டிக்கொண்டு, கடிகாரத்தையும் கதவையும் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீலின் அப்பா. அவரை வரவழைத்துவிட்டு அவர் மகளைக் காணோம். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நூலகர் மைக்கை நீட்டிய நேரத்தில்தான் வக்கீல் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அக்காவைப் பார்க்கவே இல்லை.

அக்கா பத்து நிமிடம் பேசவில்லை. இரண்டு நிமிடம்தான் பேசினாள். இந்த நூலகத்தில் இருக்கும் ‘காற்றை மேய்ப்பவள்’ பாதிதான் என்றும், மீதி வேறு கதை என்றும், பைண்டிங்கிலிருந்து வந்ததைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது தான்தான் என்றும், பதினெட்டு வருடமாகத் தான் எதையும் படித்ததில்லை என்றும் ஒன்றுவிடாமல் சொன்னாள். “பிள்ளைங்க மேல தப்பே இல்ல. அவங்க கையில குடுத்ததை அவங்க ஒழுங்காப் படிச்சாங்க,” என்று முடித்தாள். நூலகர் தன் அறுபத்து மூன்றை நினைத்து இடிந்துபோய் நின்றார்.

வக்கீல் எழுந்தாள். கையில் பதினெட்டுப் பக்கம் இல்லை, ஒரே ஒரு தாள்தான் இருந்தது. குரல் முதல் வரியில் நடுங்கியது, இரண்டாம் வரியில் உறுதியானது.

“என் கட்டுரைக்கு ‘அவள்தான் அவன்’னு பேர் வெச்சிருந்தேன். அதை வாபஸ் வாங்கிக்கறேன். அவ அவன் இல்ல. ஆனா ஒரு கேள்வி இருக்கு.” எழுத்தாளரைப் பார்த்தாள். “குதிச்ச பொண்ணு படகோட்டியா எழுந்த கதையை நீங்க எழுதல. கண்ணாடி ஆறு எழுதினவரும் எழுதல. பைண்டிங் பண்ணவர் படிக்கவே இல்ல. அக்காவும் படிக்கல. ஆனா அந்தக் கதை இருக்கு. ஐம்பத்தொரு பேர் அதைப் படிச்சு சாப்பாட்டை மறந்திருக்கோம்.” நீள நோட்டைத் தூக்கிக் காட்டினாள். “இதுல பக்கத்தோட பதிவாகியிருக்கு. அப்ப அதை எழுதினது யாரு? நாங்கதான்னு நான் சொல்றேன். இல்லன்னு நீங்க நிரூபிக்கணும்.”

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். பின் வரிசை மனிதர் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம், அந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கும் என்று கேட்டார்.

எழுத்தாளர் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, நிஜமாகவே எதிர்வாதம் தேடுகிறவர் மாதிரி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, “என்னால நிரூபிக்க முடியல,” என்றார். “ஆனா எனக்கு ஒரு வருத்தம். அறுபத்து மூணு பேர் படிச்சிருக்கீங்க. குதிரை எங்கன்னு ஒருத்தர்கூடக் கேக்கலையா?”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வக்கீல் முதல் தடவையாக அக்கா பக்கம் திரும்பினாள். “இவங்க கேட்டாங்க. இவங்க மட்டும்தான்.”

எழுத்தாளர் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். “அந்தக் குதிரைக்காகத்தான் மேடம் நான் அந்தப் புத்தகத்தையே எழுதினேன். அப்ப அது என்ன ஆச்சுன்னு உங்களுக்கு இன்னும் தெரியாதா?”

“தெரியாது,” என்றாள் அக்கா.

“சீக்கிரம் படிங்க,” என்றார் எழுத்தாளர். கூட்டம் முடிந்ததும் நூலகத்தில் உறுப்பினராகி, தப்பாகத் தைத்த ‘காற்றை மேய்ப்பவள்’ புத்தகத்தைத் தன் பெயரில் பதிந்து எடுத்துக்கொண்டு போனார். பின் பாதியைத் தானும் படித்துப் பார்க்க வேண்டுமாம். போகும் முன் முதல் தாளில் ஒரு வரி எழுதினார்: “160 வரை மட்டுமே நான் பொறுப்பு.” இரண்டையும் பிரித்துச் சரியாகத் தைக்க வேண்டும் என்று நூலகர் சொன்னபோது ஜன்னல் ஓர மேசை மொத்தமும் எழுந்து நின்றது. அவர் பேச்சை மாற்றிக்கொண்டார்.

வக்கீல் அக்காவிடம் பேசவில்லை. ‘கண்ணாடி ஆற்றின் காவலன்’ புத்தகத்தை மட்டும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதன் பின்பாதியில்தான் குதிரை இருந்தது. நோட்டை வைக்கவில்லை. அடுத்த வாரம் முழுவதும் நோட்டு வரவில்லை, அவளும் வரவில்லை. அக்கா பிள்ளைகளிடம் பக்கம் கேட்கவும் இல்லை. கேட்டு எதில் எழுதுவது? பேருந்தில் மட்டும் படித்தாள்.

அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு நூலகம் திறந்தது. அக்காவைக் காணோம். பதினெட்டு வருடத்தில் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தறியாதவள். ஒன்பதே முக்காலுக்கு, தலை கலைந்து, ஒரு கையில் புத்தகத்தை விரல் இடுக்கிப் பிடித்தபடி படியேறி வந்தாள். அவள் நாற்காலியில் வக்கீல் உட்கார்ந்திருந்தாள். முன்னால் நோட்டு, கையில் பென்சில்.

“எங்க போயிட்டீங்க?”

“பஸ் கடைசி ஸ்டாப்புக்குப் போயிடுச்சு. கண்டக்டர் வந்து தட்டினதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.”

“எந்தப் பக்கம்?”

அக்கா தன் மேசைக்கு எதிர்ப்பக்கத்தில், பிள்ளைகள் நெளியும் இடத்தில் நின்றாள். “இருநூத்தி எழுபத்தி நாலு.”

“என்ன ஆச்சு?”

“குதிரை பேச்சை நிறுத்திடுச்சு,” என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. ஐம்பத்திரண்டு வயதில், பட்டப்பகலில், ஒரு குதிரைக்காக.

வக்கீல் தலையைக் குனிந்து நிதானமாக எழுதினாள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பேஜ் அக்கா’ என்று போட்டதை அக்கா தலைகீழாகவே படித்துவிட்டாள்.

“அது மறுபடியும் பேசுமா? நீ படிச்சிட்டதானே. எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லேன்.”

வக்கீல் நோட்டை மூடினாள். மூன்று வருடமாக எதிரே இருந்து பார்த்துப் பழகிய அதே மர்மச் சிரிப்பை அப்படியே சிரித்தாள்.

“பொறுத்துக்கோங்க அக்கா,” என்றாள். எழுந்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திவிட்டாள்.